ரூம் ஃபைண்டரில் புது மாடி அறைகள் வரவில்லையா?

நாலாவது மாடியின் ஆறு அறைகளும் அவுட்லுக் ரூம் ஃபைண்டரில் (மீட்டிங் போடும்போது காலி அறை தேடித்தரும் வசதி) தெரியவில்லை, ஆனால் பெயரைத் தட்டினால் புக் ஆகிறது என்கிறீர்கள். அப்படியானால் உங்கள் கணினியில் கோளாறு இல்லை, அவுட்லுக்கை அழித்து மறுபடி போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அவுட்லுக்கைப் பொறுத்தவரை ஒவ்வொரு அறையும் ஒரு மெயில்பாக்ஸ்தான். அதை உருவாக்கினால் மட்டும் போதாது, அந்தக் கட்டடத்துக்கான ரூம் லிஸ்டிலும் (ரூம் ஃபைண்டர் பார்க்கும் அறைப் பட்டியல்) சேர்க்க வேண்டும், இதைத்தான் பெரும்பாலும் ஐடி ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். அப்புறம் ஐடி ஆட்களிடம், பவர்ஷெல்லில் (கட்டளை தட்டி அமைப்புகளை மாற்றும் கருவி) செட்-பிளேஸ் என்ற கட்டளை கொடுத்துக் கட்டடம், மாடி, எத்தனை பேர் உட்காரலாம் என்பதையும் நிரப்பச் சொல்லுங்கள். எங்கள் அலுவலகத்தில் இருக்கை எண்ணிக்கையை விட்டுவிட்டதால், 12 பேர் உட்காரும் அறையை யாரும் ஃபில்டரில் பார்க்கவே முடியவில்லை, ரெண்டு மாதம் அது சாப்பாட்டு அறையாகத்தான் ஓடியது!

மாற்றம் தெரிய 24 மணி நேரம் வரை ஆகலாம், அதற்குள் ஐடிக்கு மறுபடி புகார் டிக்கெட் போட வேண்டாம்.

வாராந்திர மீட்டிங்கை அறை நிராகரிக்கிறது என்றீர்களே, அது வேறு கதை. அறையின் அமைப்பை மாற்றாமல் விட்டால், இன்றிலிருந்து 180 நாள்வரைதான் அது புக்கிங் எடுக்கும். வாராந்திர மீட்டிங்கின் முடிவுத் தேதியை அதற்குள் வைத்துப் பாருங்கள், சரியாகிவிடும்.