கதையை ரசிக்காமல் கணக்குப் போட்டுச் சண்டை போடுவது ஏன்?

கேள்வி: அறிவியல் புனைகதை ரசிகர்கள் கதையை நிம்மதியாக ரசிக்காமல் ‘இது நடக்காது, அது நடக்காது’ என்று மணிக்கணக்கில் விவாதிக்கிறார்களே, ஏன்? அதில் யாருக்கு என்ன லாபம்?

கேள்வியைப் படித்ததுமே தெரிந்துவிட்டது, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்த யாரோ ஒருவர் முக்கியமான கட்டத்தில் “விண்வெளியில் வெடிச் சத்தமெல்லாம் கேட்காது” என்று சொல்லி எல்லாவற்றையும் கெடுத்திருக்கிறார். அது தப்புதான். படம் ஓடும்போது பேசுகிறவர்களுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் படம் முடிந்த பிறகு, புத்தகத்தை மூடி வைத்த பிறகு, எங்களைப் போன்றவர்கள் கூடிப் பேசுகிறோமே, அது ரசிக்கத் தெரியாதவர்களின் வேலை என்று சொன்னால் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. நான் உருப்படியாகக் கற்ற விஷயங்களில் பெரும்பகுதி அந்தப் பேச்சில் வந்தவைதான்.

பிடிக்காத கதைக்கு யாரும் கணக்குப் போடுவதில்லை, பாதியில் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மனதில் ஒட்டிக்கொண்ட கதைக்குத்தான் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு காகிதமும் பேனாவுமாக உட்கார்வார்கள். அமெரிக்க எழுத்தாளர் லாரி நிவனின் ‘ரிங்வேர்ல்ட்’ நாவல் 1970இல் வந்தது. ஒரு நட்சத்திரத்தை நடுவில் வைத்து, பூமி சூரியனைச் சுற்றும் பாதை அளவுக்கு ஒரு வளையம் கட்டி, அதன் உள்பக்கத்தில் வாழ்வதாகக் கற்பனை. அடுத்த வருடம் பாஸ்டனில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் எம்ஐடி என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் “ரிங்வேர்ல்ட் நிலையற்றது!” என்று கோஷம் போட்டார்கள். வளையம் துளி நகர்ந்தாலும் போதும், நட்சத்திரத்துக்கு அருகே வந்த பக்கம் இன்னும் பலமாக இழுபடும், நடுவுக்குத் திரும்ப வழி கிடையாது, கடைசியில் போய் நட்சத்திரத்தில்தான் மோதும். நிவன் அதன் பிறகு எழுதிய தொடர் நாவலில் வளையத்தின் விளிம்பில் அதைத் தள்ளி நிறுத்துகிற ராக்கெட்டுகள் வந்தன. வாசகர்கள் குறை கண்டுபிடித்ததால் ஒரு கதை வளர்ந்தது. லாபம் கேட்டீர்களே, இது ஒன்று.

சரி, என்னை இந்தப் பதிலை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். விவாதம் கெட்டுப்போவது கணக்கால் இல்லை. எதற்கெல்லாம் கணக்குப் போடலாம், எது ‘வெறும் கதை’ என்று சிலர் கோடு கிழிப்பதால்தான் கெட்டுப்போகிறது.

நான் இருக்கும் ஒரு ரசிகர் குழுவில் தலைமுறைக் கப்பல் பற்றிப் பேச்சு வந்தது. புறப்படுகிறவர்கள் வழியிலேயே இறந்து, அவர்களின் வாரிசுகளின் வாரிசுகள் போய்ச் சேருகிற கப்பல். பக்கத்து நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரிக்கே 4.24 ஒளியாண்டு, அதாவது ஒளியே போய்ச் சேர 4.24 வருடம் ஆகிற தூரம். ஒளியின் வேகத்தில் நூறில் ஒரு பங்கு, அதாவது நொடிக்கு 3,000 கிலோமீட்டர், போனாலும் 424 வருடம் ஆகும். தோராயமாகப் பதினைந்து தலைமுறை.

ஒருவர் தான் வரைந்த கப்பல் படத்தைப் போட்டார். ஈர்ப்புக்காகச் சுழல்கிற வளையம், ஆரம் 10 மீட்டர். சுழலும்போது வளையத்தின் வெளிச்சுவர் உள்ளே நிற்பவர்களின் பாதத்தை அழுத்தும், அது ஈர்ப்பு மாதிரியே இருக்கும். உடனே ஆளாளுக்குக் கணக்கில் இறங்கினார்கள். அந்த அளவில் பூமியின் ஈர்ப்பு வேண்டுமென்றால் நிமிடத்துக்கு ஒன்பதரைச் சுற்று சுழல வேண்டும். நிமிர்ந்து நிற்கிறவருக்குப் பாதத்தில் இருக்கும் ஈர்ப்பைவிடத் தலையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவாக இருக்கும், தலையைச் சட்டென்று திருப்பினால் குமட்டும், கையிலிருந்து விட்ட பொருள் காலடியில் விழாமல் தள்ளிப் போய் விழும். நிமிடத்துக்கு இரண்டு சுற்று என்றால் பெரும்பாலானவர்கள் பழகிக்கொள்வார்கள், ஆனால் அதற்கு ஆரம் 224 மீட்டர் வேண்டும். படம் வரைந்தவர் சந்தோஷமாக வளையத்தைப் பெரிதாக்கித் திரும்ப வரைந்து போட்டார். இதுவரை எல்லாருக்கும் கொண்டாட்டம்.

அப்போது ஒரு அக்கா பேசினார். மருத்துவமனையில் நர்ஸாக இருப்பவர், அதிகம் எழுத மாட்டார். அவர் கேட்டது இவ்வளவுதான்: “வளையம் சரி. வயதானவர்களை யார் பார்த்துக்கொள்வார்கள்? எத்தனை குழந்தை பிறக்கலாம் என்று யார் முடிவு செய்வார்கள்? செத்துப் போனவர்களை என்ன செய்வீர்கள்?” உடனே வந்த பதில், “அக்கா, இது சீரியல் குழு இல்லை, அறிவியல் குழு.” கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. இன்றும் அந்த வரியை நினைத்தால் கோபம் வருகிறது. அந்தக் குழுவில் மனித உடம்பைத் தினமும் தொட்டுப் பார்த்து வேலை செய்கிற ஆள் அவர் ஒருவர்தான். எடையற்ற நிலையில் இடுப்பு எலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் தேய்கிறது, ரத்தமும் நீரும் மேலே ஏறி முகம் வீங்கிக் கால் சூம்புகிறது என்பதையெல்லாம் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிற மாதிரி எங்களுக்கு விளக்கியவர் அவர்தான். அதைச் சொன்னபோது அறிவியல், வயதானவர்களைப் பற்றிக் கேட்டால் சீரியலா?

அந்தக் குழுவிலேயே பதிலுக்கு நான் பயோஸ்பியர் 2 பற்றி நீளமாக எழுதினேன். அரிசோனாவில் மூன்று ஏக்கரில் கண்ணாடிக் கூரை போட்ட ஒரு மூடிய உலகம். 1991இலிருந்து 1993 வரை, இரண்டு வருடம், எட்டுப் பேர் உள்ளே வாழ்ந்தார்கள். ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 14 சதவீதத்துக்கு அருகே இறங்கிவிட்டது. வளமான மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று கார்பன் டை ஆக்சைடை விட்டன, அதைக் கட்டிடத்தின் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டது, அதனால் ஆக்சிஜன் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. கடைசியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று. இது எல்லாருக்கும் பிடித்த பகுதி, கான்கிரீட் வேதியியல் என்றால் எங்கள் ஆட்களுக்கு வெல்லக்கட்டி. ஆனால் அதே எட்டுப் பேர் நான்கு நான்காக இரண்டு அணியாகப் பிரிந்தார்கள் என்பதும் அதே சோதனையில் நடந்ததுதான். எட்டுப் பேருக்கு, இரண்டே வருடத்துக்கு, அவசரமென்றால் கதவைத் திறந்து வெளியே வரலாம் என்ற நிலையில் இது. பதினைந்து தலைமுறைக்குக் கதவே கிடையாது. காற்று குறைவது அறிவியல், மனசு முறிவது கிசுகிசு என்று யார் பிரித்துக் கொடுத்தது?

இயற்பியல் வேண்டாம் என்கிறேன் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். செவ்வாயில் புயல் ராக்கெட்டைச் சாய்ப்பதாக யாராவது எழுதினால் நானே முதலில் கேட்பேன், அங்கே காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூறில் ஒரு பங்கு கூடக் கிடையாது, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தாலும் இங்கே 13 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிற காற்றின் தள்ளுதான் இருக்கும் என்று. நான் கேட்பதெல்லாம், அதே கறாரை மனிதர்கள் விஷயத்திலும் காட்டுங்கள். விண்வெளிக்குப் போகிறவர்கள் பழக்கவழக்கத்தை ஏவுதளத்தில் கழற்றி வைத்துவிட்டா போகிறார்கள்? 2007இல் மலேசியாவின் ஷேக் முஸாபர் ஷுகோர் ரமலான் சமயத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனார். ஒரு நாளில் பதினாறு முறை சூரியன் உதிக்கும் இடத்தில் எப்போது தொழுவது, எந்தப் பக்கம் பார்த்துத் தொழுவது? மலேசியாவின் மார்க்க அறிஞர்கள் உட்கார்ந்து பேசி வழிகாட்டுதலே வெளியிட்டார்கள். நேரத்துக்குக் கிளம்பிய இடத்தின் கணக்கு, திசைக்கு முடிந்தால் மக்காவில் இருக்கும் காபா, முடியாவிட்டால் பூமி, அதுவும் முடியாவிட்டால் எந்தப் பக்கமும் சரி. இதைவிட அழகான அறிவியல் புனைகதைப் பிரச்சினையை நான் படித்ததில்லை, இது நிஜமாகவே நடந்தது.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்தச் சமயத்தில் நான் இவ்வளவையும் எழுதினால் ஒருவர் பதிலாக ஒரு மணி நேர வீடியோ இணைப்பைப் போட்டார். “இதைப் பாருங்க, புரியும்.” அவ்வளவுதான், ஒரு வரி கிடையாது. இந்தப் பழக்கம் எல்லா இடத்திலும் பரவிவிட்டது. எதிரே இருப்பவர் நேரம் செலவழித்து யோசித்து எழுதுகிறார், நீங்கள் யாரோ பேசியதைத் தூக்கி அவர் மடியில் போட்டுவிட்டுப் போகிறீர்கள். அந்த வீடியோவில் எந்த நிமிடத்தில் என் கேள்விக்குப் பதில் இருக்கிறது என்றாவது சொல்லலாம் இல்லையா? நான் முழுசாகப் பார்த்தேன். என் கேள்விக்குப் பதில் அதில் இல்லவே இல்லை.

அப்புறம் விவாதம் திரும்பியதே, அதைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். செத்தவர்களை என்ன செய்வது என்ற அக்காவின் மூன்றாவது கேள்வியை ஒரு வேளாண் பட்டதாரி பிடித்துக்கொண்டார். ஒரு வளர்ந்த மனித உடம்பில் ஏறக்குறைய 700 கிராம் பாஸ்பரஸ் இருக்கிறது, பெரும்பாலும் எலும்பில். பாஸ்பரஸ் இல்லாமல் பயிர் வளராது, கப்பலுக்குள் புதிதாக வரவும் வராது. ஆயிரம் பேர் உள்ள கப்பலில் ஒரு தலைமுறையின் உடல்களை வெளியே விட்டால் 700 கிலோ போச்சு. பதினைந்து தலைமுறைக்குப் பத்து டன்னுக்கு மேல். ஆக, விண்வெளியில் உடலை மிதக்க விடுகிற அந்த உருக்கமான காட்சி, எத்தனையோ கதைகளில் வருகிறதே, தலைமுறைக் கப்பலில் அதற்கு இடமில்லை.

புதைக்கும் வழக்கமுள்ளவர்களுக்குப் பயிர் மண்ணிலேயே புதைப்பது சம்மதமா என்று ஒருவர் கேட்டார். எரிக்கும் வழக்கமுள்ளவர்கள் என்ன செய்வார்கள், ஆக்சிஜன் செலவாகுமே என்று இன்னொருவர். வேளாண் ஆள் கணக்குப் பார்த்துச் சொன்னார், எரித்தாலும் எலும்பின் பாஸ்பரஸ் சாம்பலில் தங்கிவிடும், வெளியேறுகிற கார்பன் டை ஆக்சைடைச் செடிகள் எடுத்துக்கொள்ளும், அதனால் சாம்பலைப் பயிர்ப் பாத்தியில் சேர்த்தால் எதுவும் வீணாகாது என்று. அதற்கு அக்கா எழுதியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: “அப்படியென்றால் அந்தப் பாத்தியில் விளைந்ததை அந்தக் குடும்பத்துக்கு முதலில் கொடுப்பீர்களா, கொடுக்கவே மாட்டீர்களா? இரண்டுக்கும் ஆள் இருப்பார்கள்.” சீரியல் குழு என்று சொன்ன தம்பி உட்பட யாரும் சிரிக்கவில்லை. அந்தத் தம்பிதான் பிறகு ஒரு முழு இறுதிச் சடங்கையே எழுதினான், நன்றாகவே எழுதினான். அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, அதை நான் மறக்கவும் இல்லை.

இன்னும் முடியாமல் இருப்பது குழந்தைகள் பற்றிய கேள்வி. காற்றும் நீரும் அளவானவை, அதனால் பிறப்புக்கு வரம்பு வேண்டும் என்பதில் தகராறு இல்லை. யார் வரம்பு வைப்பது என்பதில்தான் தகராறு. கப்பல் தலைவர் என்கிறார்கள் சிலர், கிளம்பும்போதே சட்டம் எழுதிவிட வேண்டும் என்கிறார்கள் சிலர். இரண்டையும் நான் ஏற்கவில்லை. கிளம்புகிறவர்கள் தங்களுக்காகத்தான் கையெழுத்துப் போட முடியும், ஐந்தாவது தலைமுறைக்காக யாரும் போட முடியாது. ஒவ்வொரு தலைமுறையும் அந்த வரம்பைத் திரும்ப எடுத்துப் பேசி மாற்ற வழி இருக்க வேண்டும், அப்படிப் பேச வேண்டுமென்றால் ஆக்சிஜன் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று காட்டும் அளவீடுகள் தலைவரின் அறையில் பூட்டிக் கிடக்கக் கூடாது, கப்பலில் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் இருக்க வேண்டும். இதற்கு மாற்றுக் கருத்து இருக்கிறவர்கள் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.