வெயிட் குறையும்போது தசையும் சேர்ந்து போகாம இருக்க பொண்ணுங்க என்ன பண்ணணும்?

76 கிலோல இருந்து 70-க்கு வந்துட்டேன், ராத்திரி ரெண்டு சப்பாத்தி, காலைல நடை, ஆனா மாடி ஏறுனா தொடை நடுங்குது, தண்ணி கேன் தூக்க முடியல, ஏன்னு கேட்டிருக்கீங்க.

போன 6 கிலோவும் கொழுப்பு இல்லீங்க, அதான். சாப்பாட்ட மட்டும் குறைச்சு இறக்குனா போற எடைல சுமாரா கால்வாசி கொழுப்பு அல்லாத பகுதியா இருக்கும், அதுல தண்ணியும் உண்டு தசையும் உண்டு. வெயிட் மெஷின் அதெல்லாம் பிரிச்சு சொல்லாது. வர்ற தீனி கம்மி, தசைக்கும் பெருசா வேலை இல்லைன்னா உடம்பு அதையும் சேர்த்துக் கரைச்சிடும்.

மொதல்ல புரோட்டீன். எடை குறைக்கிற நேரத்துல உடம்பு எடைல ஒரு கிலோவுக்கு தினமும் 1.2-ல இருந்து 1.6 கிராம் வரைக்கும் சொல்றாங்க, உங்களுக்கு குறைஞ்சது 84 கிராம். இப்ப உங்க தட்ட பாருங்க, 3 இட்லில 6 கிராம் சொச்சம், ரெண்டு சப்பாத்திலயும் அவ்ளோதான். சாம்பார்ல பருப்பு இருக்கேன்னு சொல்லாதீங்க, கரண்டிய அடி வரைக்கும் விட்டு கலக்கி எடுத்தாதான் பருப்பு வரும், மேலாப்புல மோந்து ஊத்துனா வெறும் புளித்தண்ணி. நம்ம வீடுகள்ல அந்த அடிக்கரண்டி யாருக்கு போகும்னு உங்களுக்கே தெரியும். சாதம், கூட்டு, தயிர் எல்லாம் சேர்த்தாலும் ஒரு நாளைக்கு 30, 35 தாண்டாது. இதுகூட 2 முட்டை 12, சாயங்காலம் ஒரு கப் கொண்டைக்கடலை சுண்டல் 14, மதியம் 50 கிராம் மீல்மேக்கர் (ஊற வைக்கிறதுக்கு முன்னாடி எடை) 26, கிட்டத்தட்ட வந்துடுச்சு பாருங்க. கறி மீன் சாப்பிடுறவங்களுக்கு இன்னும் ஈஸி. எல்லாத்தையும் ஒரே வேளைல அடைக்காம மூணு வேளைக்கும் பிரிச்சுக்கோங்க. கிட்னி பிரச்சனை இருக்கிறவங்க மட்டும் டாக்டர கேக்காம புரோட்டீன ஏத்தாதீங்க.

நடை நல்லதுதான், விடாதீங்க, ஆனா தசைய காப்பாத்த அது மட்டும் பத்தாது. வாரத்துல 2, 3 நாள் வெயிட் தூக்கணும். ஜிம் இல்லையா, சேர்ல உக்காந்து எந்திரிங்க, சமையல் மேடைய புடிச்சு புஷ்அப் எடுங்க, 5 லிட்டர் எண்ணெய் கேன்ல தண்ணி ரொப்பி குனிஞ்சு இடுப்பு வரைக்கும் இழுங்க. 10 தடவை எடுத்தா கடைசி ரெண்டு முக்கி முனகித்தான் வரணும், சுலபமா வந்தா எடைய ஏத்துங்க. ஜிம்முல பொண்ணுங்க கைல கொடுக்கிற அந்த ரோஸ் கலர் 1 கிலோ டம்பெல்ல வச்சு மாசக்கணக்கா ஆட்டுனா ஒண்ணும் நடக்காது. ஆம்பள மாதிரி ஆயிடுவோமோன்னு பயமே வேணாம், அதுக்கான டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆம்பள ஹார்மோன் நமக்கு ரொம்ப கம்மி. மாதவிடாய் நிக்கிற வயச நெருங்குறவங்க இத கண்டிப்பா பண்ணணும், ஈஸ்ட்ரோஜன்ங்கிற பொம்பள ஹார்மோன் இறங்குறப்ப தசையும் எலும்பும் சேர்ந்தே தேயும்.

வேகமும் வேணாம், வாரத்துக்கு அரை கிலோ போதும். அப்புறம் தூக்கம். 2010-ல சிகாகோல ஒரு சின்ன ஆய்வு பண்ணாங்க, அதே டயட்ல தூக்கத்த மட்டும் குறைச்சப்ப கொழுப்பு கம்மியா போயி மத்தது அதிகமா போச்சு. விடிய 4 மணிக்கு எந்திரிச்சு நடக்குறவங்க ராத்திரி சீக்கிரம் படுங்க, இல்லன்னா இன்னும் ஒரு மணி நேரம் தூங்கிட்டு அப்புறமா போங்க.