டாக்டர் – நோயாளி பேச்சை ஆராய்வது: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

சென்னையில் ஆய்வு மாணவர்களுக்கு உரையாடல் ஆய்வு சொல்லித் தருகிறேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

கீழ்ப்பாக்கம், கம்யூனிட்டி மெடிசின் பி.ஜி. மாணவி: ஓ.பி.யில் நிறைய ரெக்கார்ட் செய்து வைத்திருக்கிறேன். பேச்சின் ஒவ்வொரு துண்டையும் இன்ன வகை என்று எந்த முறையில் குறியிடுவது?

எதிக்ஸ் கமிட்டி அனுமதியும், நோயாளி, டாக்டர் இருவரின் ஒப்புதலும் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த ஒலிப்பதிவுகளை ஆய்வுக்குத் தொடாதீர்கள்.

இருந்தால், கேள்வியைப் பொறுத்தது முறை. யார் எவ்வளவு பேசினார், எத்தனை கேள்வி கேட்டார் என்று எண்ண வேண்டுமா? ஜான்ஸ் ஹாப்கின்ஸின் டெப்ரா ரோட்டர் உருவாக்கிய ‘ரையாஸ்’ முறை பொருந்தும். பேச்சை ஒவ்வொரு கருத்தாகத் துண்டாக்கி, சுமார் 40 வகைகளில் ஒன்றில் போடுவார்கள். ஒலியைக் கேட்டபடியே போடலாம். ஒரு பேச்சு அடுத்த பேச்சை எப்படி இழுக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், சமூகவியலாளர் ஹார்வி சாக்ஸ் தொடங்கி வைத்த உரையாடல் பகுப்பாய்வு. அதில் எண்ணிக்கை கடைசியில்தான் வரும், வராமலும் போகலாம்.

எளிமையான கேள்வியே நிறையச் சொல்லும். 1984-இல் பெக்மன், ஃபிராங்கல் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 74 டாக்டர் – நோயாளி சந்திப்புகளை ஆராய்ந்தார்கள். நோயாளி பேச ஆரம்பித்து சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கிட்டிருந்தார். இன்றும் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறோம்.

தாம்பரம், முனைவர் பட்ட மாணவர்: நானும் தோழியும் ஒரே பதிவைக் குறியிட்டோம். பாதி ஒத்துப்போகவில்லை. யார் சரி?

சண்டை போடுங்கள், பயிற்சியே அதுதான். வகுப்புக்காக நான் எழுதிய துண்டு இது:

டாக்டர்: சுகர் மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?
அம்மா: (ஒரு விநாடி மௌனம்) போடுறேன்... பொண்ணு வாங்கிட்டு வந்தா போடுறேன்.
டாக்டர்: சரி. நடக்குறீங்களா?

ஒருவர் ‘மருந்து பற்றிய தகவல்’ என்பார். இன்னொருவர், நோயாளியின் மன உணர்வுகளைக் குறியிடும் வெரோனா முறைப்படி ‘குறிப்பு’ என்பார், அதாவது மனக்கஷ்டத்தை வெளிப்படையாகச் சொல்லாமல் கோடிகாட்டுவது. நான் இரண்டாமவர் பக்கம். அந்த மௌனம் இல்லையென்றால் முதலாமவர் பக்கம் போயிருப்பேன். டாக்டரின் ‘சரி’ அந்த அம்மா மேலே பேச இடம் கொடுக்கவில்லை என்பதையும் குறியுங்கள். ஆனால் ‘அக்கறையில்லாத டாக்டர்’ என்று எழுதினால் வெட்டிவிடுவேன். வெளியே வரிசை நிற்கிறது, அவர் மனதில் என்ன ஓடியதோ நமக்குத் தெரியாது.

முடிவானதும் ‘மௌனத்தோடு வரும் நிபந்தனைப் பதில் = குறிப்பு’ என்று விதிப்புத்தகத்தில் எழுதி, பழைய பதிவுகளையும் திரும்பக் குறியிடுங்கள். அப்புறம் கோஹனின் கப்பா பாருங்கள்; தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறீர்கள் என்று காட்டும் எண் அது. வெறும் சதவீதம் ஏமாற்றும்: பேச்சில் பெரும்பகுதி ஒரே வகையாக இருந்தால் தற்செயலாகவே 90 வந்துவிடும். கப்பா 0.6-க்கு மேல் போனால் பலரும் ஏற்கிறார்கள். எனக்கு அந்த எண்ணைவிட, எந்த வகைக் குறியில் இருவருக்கும் இடிக்கிறது என்பதே முக்கியம்.

சைதாப்பேட்டை, நர்ஸ்: நோயாளிக்குப் பதில் மருமகளே எல்லாம் பேசினால்?

நம் ஊரில் பெரும்பாலும் அப்படித்தானே! நோயாளியோடு வரும் அட்டெண்டருக்குத் தனிக்குறி வையுங்கள். கேள்வி யாரைப் பார்த்துக் கேட்கப்பட்டது, பதில் யாரிடமிருந்து வந்தது என்று அட்டவணையில் இரண்டு பத்தி (காலம்) போடுங்கள். நோயாளி வாயைத் திறந்ததும் மருமகள் நிறுத்துகிறாரா, தொடர்கிறாரா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அடையாறு, ஆய்வு உதவியாளர்: ஏ.ஐ.யில் போட்டு எழுத்தாக்கிக்கொள்ளலாமா?

பெயரும் நோயும் உள்ள ஒலியை கமிட்டி அனுமதிக்காத இடத்தில் ஏற்றக் கூடாது. அனுமதி இருந்தாலும் முதல் வரைவுக்கு மட்டும். ‘ம்’, இழுப்பு, இடைவெளி எல்லாவற்றையும் அது துடைத்துவிடும். நமக்கு வேண்டியதே அவைதான். இவற்றையும் குறியீடுகளால் எழுதும் ஜெஃபர்சன் முறையில் ஒரு நிமிடப் பேச்சை எழுத ஒரு மணி நேரம் பிடிப்பது சாதாரணம். அதனால் தேவைப்படும் துண்டுகளை மட்டும் அப்படி எழுதுங்கள்.

அண்ணா நகர், டாக்டர்: ரெக்கார்டர் ஓடினால் நான் நல்லபிள்ளையாகிவிடுவேனே?

ஆவீர்கள், முதல் சில பேருக்கு. கூட்டம் முட்ட ஆரம்பித்ததும் அது மறந்துபோகும். அந்த முதல் சிலவற்றைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டு மீதியை ஆய்வுக்கு எடுக்கச் சொல்வேன்.