ஐப்பசி மழைக்கு முன் குடிலில் என்ன செய்ய வேண்டும்: கேள்வி பதில்

சேரன்மகாதேவிப் பக்கம் காய்கறி நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20 வாக்கில் இறங்கிவிடும். பசுமைக்குடிலும் நிழல்வலைக் குடிலும் போட்டிருப்பவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, மாடியில் பத்துக்குப் பத்து அடியில் குடில் இருக்கிறது. குளிர்காலத்துக்கு உள்ளே பபிள் ஷீட் ஒட்டி, சின்ன ஹீட்டர் வைக்கச் சொல்லி ஒரு வீடியோ பார்த்தேன். தேவையா?

வேண்டாம் தம்பி. அது உறைபனி விழும் நாடுகளுக்கான வேலை. அங்கே இலைக்குள் இருக்கும் தண்ணீரே உறைந்து செடி செத்துவிடும், அதனால் சூட்டைப் பிடித்துவைக்கப் பாடுபடுகிறார்கள். பாளையில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். தக்காளிக்கும் மிளகாய்க்கும் அது சுகமான குளிர். நம் செடியைக் கொல்வது மழையும், நகராமல் தங்கும் ஈரக்காற்றும், அதில் வளரும் பூஞ்சையும்தான். ஆகவே குடிலைத் திறந்து வையுங்கள். ஹீட்டருக்கு வைத்திருந்த பணத்தில் மாடித் தண்ணீர் இறங்கும் குழாயைச் சுத்தம் செய்து, வாயில் வலை போடுங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 100 மில்லிமீட்டர் கொட்டினால் உங்கள் பத்துக்குப் பத்துக் கூரையிலிருந்து மட்டும் 900 லிட்டருக்கு மேல் இறங்கும்.

வள்ளியூர்: 200 மைக்ரான் பிளாஸ்டிக் ஷீட் போட்ட குடில். நடுவில் கொஞ்சம் தொய்ந்திருக்கிறது. ஆடிக் காற்றையே தாங்கிவிட்டது, மழைக்கும் தாங்கும்தானே?

தாங்காது, இந்த வாரமே இழுத்துக் கட்டுங்கள். தொய்வில் ஒரு குடம் தண்ணீர் நின்றால் அதன் கனத்திலேயே தொய்வு ஆழமாகும், அடுத்து பத்துக் குடம் நிற்கும், அப்புறம் கம்பியோடு சாயும். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அந்த மழையில் எங்கள் பண்ணையில் தொய்வு இருந்த கூரைகள்தான் முதலில் போயின. சரிவாக இழுத்துக் கட்டியிருந்த ஒன்று நின்றது.

இன்னொன்று, காற்றின் திசை. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றுக்காக மேற்கே முட்டுக் கொடுத்திருப்பீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். அந்தப் பக்கம் முட்டும் இழுகம்பியும் இருக்கிறதா என்று பாருங்கள். ஷீட் உரசும் இடங்களில் ஜிஐ பைப்பின் மேல் பழைய துணியைச் சுற்றி வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள். வெயிலில் பைப் சூடேறி, ஷீட் அந்தக் கோட்டில்தான் முதலில் கிழியும். புயல் எச்சரிக்கை வந்தால் ஷீட்டைச் சுருட்டி வைத்துவிட வேண்டும். ஷீட் போனால் வாங்கிக்கொள்ளலாம், காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் கம்பிக்கூடே போய்விடும்.

அம்பாசமுத்திரம்: சாரல் உள்ளே வராமல் நான்கு பக்கமும் ஷீட்டால் அடைத்துவிடச் சொல்லி அக்காமார் சொல்கிறார்கள், அடைக்கலாமா?

கூடாது. மழை அடிக்கும் பக்கத்தில் மட்டும் இறக்கிவிடும் திரை போடுங்கள், மழை விட்டதும் உடனே ஏற்றுங்கள்.

களக்காடு: கத்தரி, மிளகாய் நாற்று அடித்தண்டு கறுத்துச் சாய்கிறது அண்ணாச்சி.

இது நாற்றழுகல் அம்மா. மண்ணில் உள்ள பூஞ்சை, ஈரம் கூடினால் எழும்பும். முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். மேகமூட்டமான நாளில் நாற்று நிற்கும் மண்கலவையை விரலால் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும், அதுவும் காலையில் ஊற்றுங்கள். சாயந்தரம் ஊற்றவே வேண்டாம். விதையை நெருக்கிப் போடாதீர்கள். சாய்ந்ததைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து வெளியே போட்டுவிட்டு, காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற தாமிர மருந்தை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேர்ப்பகுதி நனைய ஊற்றுங்கள். அடுத்த தடவை விதைக்கும்போதே டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சையை விதையில் கலந்துவிட்டால் இந்தப் பாடு குறையும். ஆனால் அதையும் தாமிர மருந்தையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. தாமிரம் நல்ல பூஞ்சையையும் கொன்றுவிடும், நடுவில் இரண்டு வாரமாவது விடுங்கள்.

நாங்குநேரி: எனக்கும் நாற்று சாய்கிறது.

மேலே களக்காட்டு அம்மாவுக்குச் சொன்னதுதான். தண்ணீரைக் குறையுங்கள்.

கல்லிடைக்குறிச்சி: ஐப்பசி பிறந்ததும் நிழல்வலையை உருவிவிடுவது எங்கள் வழக்கம். மேகமூட்டத்தில் வலையும் இருந்தால் செடி வெளிறி நீண்டுவிடும். நீங்கள் ஏன் சொல்வதில்லை?

திசையன்விளை: அண்ணாச்சி, அவர் சொல்வதைக் கேட்காதீர்கள். எங்கள் தேரிச் செம்மணலில் வலை இல்லாவிட்டால் மழைத்துளி மண்ணை வாரி இலையில் அடிக்கும்.

இருவரும் பார்த்ததைத்தான் சொல்கிறீர்கள், ஆனால் பார்த்த செடி வேறு. எங்கள் அப்பா வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். அகத்தி நிழலில்தான் கொடி வளரும், ஆனாலும் மழைக்கு முன் அகத்திக் கிளையைக் கழித்துவிடுவார். வெளிச்சமும் காற்றும் உள்ளே இறங்காவிட்டால் வாடல் நோய் வந்து கொடிக்கால் முழுக்கப் போகும். அந்தக் கணக்கில் கல்லிடைக்குறிச்சிக்காரர் பக்கம்தான் நான். நிழல்வலை மழையைத் தடுக்காது. அடைமழையின் வேகத்தைக் கொஞ்சம் உடைக்கும், தூறலில் நேர் எதிராக, சிறு துளிகளைச் சேர்த்துப் பெரிய சொட்டாக ஒரே இடத்தில் விடும். வளர்ந்த செடிக்கு வலை வேண்டாம், 75 சதவீதம் நிழல் தரும் வலையாக இருந்தால் கட்டாயம் கழற்றுங்கள்.

நாற்றுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். இரண்டிலை நாற்று அடைமழையில் நிற்காது. அதற்கு வளைகம்பி நட்டு, தெளிவான ஷீட் போட்டு, இரண்டு ஓரமும் ஒரு சாண் தூக்கி வையுங்கள். திசையன்விளைக்காரர் சொல்லும் மண் தெறிப்புக்கு வலை மருந்தல்ல, மூடாக்குதான் மருந்து. தென்னை மட்டையோ வைக்கோலோ தரையில் பரப்புங்கள்.

திசையன்விளை: தேரியில் மூடாக்கு போட்டால் கறையான் வரும் அண்ணாச்சி.

வரும், ஒப்புக்கொள்கிறேன். தண்டை ஒட்டிப் போடாமல் நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். இல்லையென்றால் தென்னைநார்க் கழிவு போடலாம். வலைதான் வேண்டும் என்றால், 50 சதவீத வலைக்குக் கீழே ஒரு நாற்றுத்தட்டு, வெளியே ஒரு தட்டு, ஒரே விதை வைத்துப் பத்து நாள் பாருங்கள். உங்கள் மண்ணில் உங்கள் கண் பார்த்ததை நான் மறுக்க மாட்டேன்.

முக்கூடல்: பூஞ்சைக்கு அடிக்கும் போர்டோ கலவை எப்படிச் செய்வது?

10 லிட்டருக்கு 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு. தனித்தனியாக ஐந்தைந்து லிட்டரில், மண்பானையிலோ பிளாஸ்டிக் வாளியிலோ கரையுங்கள், இரும்பு வாளி ஆகாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெதுவாக ஊற்றிக் கலக்குங்கள். தேய்த்த கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றைக்கே அடித்துவிடுங்கள். வளர்ந்த செடிக்கு மட்டும், இளநாற்றுக்கு வேண்டாம்.

கடையம்: பசுமைக்குடிலுக்கு மானியம்?

உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் சிட்டா, ஆதாரோடு போய்க் கேளுங்கள்.

ராதாபுரம்: நத்தை?

இரவில் ஈரச்சாக்கை விரித்து வையுங்கள், விடியும்போது அடியில் ஒட்டியிருக்கும். கையுறை போட்டுப் பொறுக்குங்கள். மண்ணில் உப்புத் தூவினால் செடியும் போய்விடும்.

தென்காசி: ஆர்க்கிட் வைத்திருக்கிறேன்...

அது என் வேலை இல்லை அக்கா, வளர்ப்பவர்களிடம் கேளுங்கள்.

மானூர்: ராத்திரி மட்டுமாவது பக்கங்களை அடைக்கலாமா?

அடைக்காதீர்கள் ஐயா. ராத்திரியில்தான் ஷீட்டின் உள்பக்கம் வியர்த்து இலையில் சொட்டும், ஈரம் விடியும்வரை காயாது. இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்காவது திறந்தே இருக்கட்டும்.