கெமிக்கல் டேங்க் கசிந்தால் பிடித்து நிறுத்த டைக் சுவர் நல்லதா, இரட்டைச் சுவர் டேங்க் நல்லதா?

சாயப்பட்டறையில் 10,000 லிட்டர் காஸ்டிக் சோடா டேங்கும் 3,000 லிட்டர் ஹைட்ரோகுளோரிக் அமில டேங்கும் வைக்கப்போவதாகச் சொல்லி, எது பாதுகாப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பெருந்துறைப் பக்கம் 16 வருடமாகப் பராமரிப்பு வேலையில் இருப்பவன். இடம் இருந்தால் டைக் சுவரே கட்டுங்கள், அதாவது கசிந்தது வெளியே ஓடாமல் டேங்கைச் சுற்றித் தொட்டி போலக் கட்டும் சுவர். இரட்டைச் சுவர் டேங்க் காப்பது டேங்கின் உடம்பை மட்டும்தான். நான் பார்த்த கசிவுகளில் பாதிக்கு மேல் வால்வு, பிளேஞ்ச் (பைப் இணைப்பு), லாரியிலிருந்து இறக்கும் ஹோஸ் ஆகியவற்றில் வந்தவை.

இரண்டுக்கும் தனித்தனி டைக் வேண்டும். காஸ்டிக்கும் அமிலமும் கலந்தால் கொதித்துத் தெறிக்கும். ஹைப்போ (பிளீச்சிங் திரவம்) வைத்திருந்தால் அதை அமிலத்தின் பக்கமே விடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

அளவுக்கு வருவோம். ஒரு டைக்குக்குள் இருப்பதிலேயே பெரிய டேங்கின் கொள்ளளவில் 110 சதவீதம் என்பது வழக்கம். காஸ்டிக்குக்கு 11,000 லிட்டர். தரை 5 மீட்டருக்கு 4 மீட்டர் என்றால் 55 செ.மீ. உயரம் போதும். திறந்தவெளியாக இருந்தால் மழைக்கு 10 செ.மீ. சேர்த்து, 70 ஆகவே கட்டிவிடுங்கள். ஆனால் 3 மீட்டர் உயர டேங்கில் நடுவாக்கில் ஓட்டை விழுந்தால் திரவம் கீழே வடியாது, பீய்ச்சி அடிக்கும். 70 செ.மீ. சுவரைத் தாண்டி விழாமல் இருக்க டேங்குக்கும் சுவருக்கும் நடுவே சுமார் 2.3 மீட்டர் வேண்டும். இந்த 5×4 இடத்தில் அது கிடைக்காது. அதனால் குட்டையான, அகலமான டேங்காகப் பார்த்து, டைக் தரையையும் பெரிதாக்குங்கள். இல்லாவிட்டால் சுவருக்கு மேல் ஃபைபர் ஷீட் தடுப்பு வையுங்கள்.

சுவர் இருந்தும் ஏமாந்தவர்கள் உண்டு. 2014 ஜனவரியில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், எல்க் ஆற்றங்கரையில் ஒரு டேங்க் ஓட்டையாகி நிலக்கரி கழுவும் ரசாயனம் கசிந்தது. சுற்றுச்சுவர் இருந்தது, அதில் விரிசலும் இருந்தது. ஆற்றில் கலந்து, சுமார் 3 லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைத் தொட முடியாமல் தவித்தார்கள்.

நான் முன்பு இருந்த பட்டறையில் சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. ஐப்பசி மழைத் தண்ணீரை வெளியேற்ற ராத்திரி ஷிப்டில் வடிகால் வால்வைத் திறந்தவர்கள் மூட மறந்துவிட்டார்கள். காலையில் லாரி இறக்கும்போது டேங்க் முனையில் ஹோஸ் கிளிப் கழன்றது. டைக்குக்குள் கொட்டிய காஸ்டிக் அப்படியே அந்த வால்வு வழியாக மழைநீர்க் கால்வாய்க்குப் போனது. ஓடிப்போய் மூடினேன். கையுறை போட்டிருந்தும் கைப்பிடி சோப்பு தடவியது போல வழுக்கியது. சாயங்காலத்துக்குள் கால்வாயோரப் புல் கருகிவிட்டது. அந்தக் கால்வாய் போய்ச் சேர்வது ஒரு குளத்தில்.

அதனால் வடிகால் வால்வே வேண்டாம். மூலையில் ஒரு சின்னக் குழி விட்டு, அமிலமோ காரமோ கலந்திருக்கிறதா என்று பிஎச் தாள் நனைத்துப் பார்த்துவிட்டு மழைநீரை பம்ப் வைத்து இறையுங்கள். பைப்புகளைச் சுவரைத் துளைத்துக் கொண்டுபோகாமல் மேலே ஏற்றிக் கொண்டுபோங்கள். லாரி நிற்கும் தரையையும் ஒரு குழியை நோக்கிச் சரிவாகப் போடுங்கள். அமில டைக்குக்கு வெறும் சிமென்ட் பூச்சு ஆகாது, நுரைத்து அரித்துவிடும். அமிலம் தாங்கும் செங்கலோ எஃப்ஆர்பி (ஃபைபர் பிளாஸ்டிக்) லைனிங்கோ போடுங்கள்.

அப்புறம், டேங்கை ஏற்றுவதற்கு முன்பே டைக்கில் தண்ணீர் நிரப்பிச் சோதியுங்கள். பிறகு செய்தால் காலி டேங்க் மிதந்து பைப்பை முறித்துவிடும். தண்ணீர் மட்டத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டு, மறுநாள் காலையில் மட்டம் அங்கேயே நிற்கிறதா என்று பாருங்கள்.