ஜூலியா சைல்ட்: ஐம்பது வயதில் டிவிக்கு வந்தவர் பற்றிய கேள்விகள்

அமெரிக்க டிவியில் பிரெஞ்சுச் சமையலைக் கற்றுக்கொடுத்துப் புகழ்பெற்ற ஜூலியா சைல்ட் (1912-2004) பற்றிப் பலர் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இங்கே. பழைய நிகழ்ச்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது என் நெடுநாள் பழக்கம். அதனால் சில பதில்கள் கொஞ்சம் நீண்டுவிட்டன.

கேள்வி: டிவியில் சமைத்துக் காட்டுவதையே தொடங்கி வைத்தவர் இவர்தானா?

இல்லை. ஜேம்ஸ் பியர்ட் 1946-லேயே அமெரிக்க டிவியில் சமைத்துக் காட்டிவிட்டார். அதே ஆண்டு லண்டனில் பிபிசிக்காக பிலிப் ஹார்பென் சமைத்தார். டயோன் லூகாஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1940-களின் கடைசியிலேயே நியூயார்க்கிலிருந்து நிகழ்ச்சி நடத்தினார். ஜூலியா வந்தது 1963-ல். முதலில் வந்தவர்களை இன்று சமையல் வரலாறு படிப்பவர்களுக்குத்தான் தெரியும், ஜூலியாவை எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் வேடிக்கை.

கேள்வி: எனக்கு வயது 41. கேட்டரிங் படிக்கலாமா என்று யோசிக்கிறேன். ஜூலியா ரொம்பத் தாமதமாகத் தொடங்கினார் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். கலிபோர்னியாவின் பாசடீனாவில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் சமைக்க ஆள் உண்டு, இவர் அடுப்புப் பக்கம் போனதில்லை. 1934-ல் ஸ்மித் கல்லூரியில் வரலாறு படித்து முடித்து, நியூயார்க்கில் ஒரு மரச்சாமான் கடைக்கு விளம்பர வாசகம் எழுதினார். அப்புறம் போர் வந்தது, அதில் அலுவலக வேலை. 1946-ல் திருமணம். 1948-ல் கணவருக்கு பாரிஸ் அமெரிக்கத் தூதரகத்தில் வேலை கிடைக்க, இருவரும் கப்பலேறினார்கள். கப்பலை விட்டு இறங்கி பாரிஸ் போகும் வழியில் ரூவான் நகரில் மதியச் சாப்பாடு: சிப்பியும், வெண்ணெயில் பொரித்த சோல் மீனும். சோல் என்றால் நம்மூர் நாக்கு மீனின் உறவு. அந்த ஒரு வேளைச் சாப்பாடுதான் தன்னைத் திருப்பிப் போட்டது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1949-ல் பாரிஸின் கார்டன் ப்ளூ சமையல் பள்ளியில் சேர்ந்தபோது வயது 37. கூடப் படித்தவர்கள் போர் முடிந்து வந்த அமெரிக்கச் சிப்பாய்கள். ஆசிரியர் மாக்ஸ் புன்யார், எழுபதைத் தாண்டிய பழுத்த சமையற்காரர். ஆனால் முதல் தேர்வில் ஜூலியா தோற்றுப்போனார். பெரிய பெரிய விருந்துப் பண்டங்களையெல்லாம் பழகி வைத்திருந்தார். கேள்வியோ பள்ளி கொடுத்த சின்னக் கையேட்டிலிருந்து, ஆரம்பப் பாடத்திலிருந்து வந்தது. அதைப் புரட்டியே பார்க்காமல் போயிருக்கிறார்! மறுபடி எழுதித் தேறினார். முதல் புத்தகம் வந்தபோது வயது 49, டிவி நிகழ்ச்சி தொடங்கியபோது 50.

நீங்கள் சேருங்கள். ஆனால் ஒன்றையும் மறக்க வேண்டாம். ஜூலியாவுக்குச் சம்பாதித்தே தீர வேண்டிய கட்டாயம் இல்லை. கணவரின் சம்பளம் இருந்தது, தாய் வழியில் வந்த கொஞ்சம் சொத்தும் இருந்தது. அந்த வசதி இல்லாதவர் வரவு செலவைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

கேள்வி: நான் கண்டிக்காரன். போர்க்காலத்தில் இவர் எங்கள் ஊரில் உளவாளியாக இருந்தாராமே?

உங்கள் ஊரில் இருந்தது நிஜம், ஐயா. உளவாளி என்பது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. சிஐஏவுக்கு முன்னோடியான ஓ.எஸ்.எஸ். அமைப்பில் வேலை பார்த்தார். உயரம் 6 அடி 2 அங்குலம், அதனாலேயே பெண்கள் ராணுவப் பிரிவில் இடம் கிடைக்காமல் இங்கே வந்தவர். 1944-ல் இலங்கைக்கு அனுப்பினார்கள். நேச நாட்டுப் படைகளின் தென்கிழக்கு ஆசியத் தளபதி மவுண்ட்பேட்டனின் தலைமையகம் பேராதனைப் பூங்காவில் இருந்த காலம் அது. ஓ.எஸ்.எஸ். அலுவலகமோ கண்டிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கிடுகு வேய்ந்த கொட்டில்களில் நடந்தது. ரகசியக் காகிதங்கள் எல்லாம் வந்து சேரும் பதிவேட்டுப் பிரிவுக்கு ஜூலியா பொறுப்பு. ஒளிந்து திரியவில்லை, கோப்புகளை அடுக்கினார். ஆனால் அந்தக் கோப்புகளில் என்ன இருந்தது என்று அறிந்தவர்கள் வெகு சிலரே.

இலங்கைக்கு வருமுன் வாஷிங்டனில் இன்னொரு விசித்திர வேலையும் பார்த்தார். கடலில் விழும் வீரர்களைச் சுறா நெருங்காமல் இருக்க ஒரு மருந்து தேடிய குழுவில் இருந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களைச் சோதித்து, கடைசியில் செம்பு அசிடேட் கலந்த ஒரு வில்லையை உருவாக்கினார்கள். அவர் கலந்து பார்த்த முதல் ‘ரெசிபி’ இதுதான் என்று பலர் கிண்டலாக எழுதியிருக்கிறார்கள்.

கணவர் பால் சைல்டைச் சந்தித்ததும் உங்கள் ஊர்ப்பக்கம்தான். அவர் வரைபடங்களும் காட்சிப் பலகைகளும் தயாரிக்கும் பிரிவில் இருந்தார்.

கேள்வி: கணவரின் பங்கு பெரிது என்கிறார்களே, என்னதான் செய்தார்?

செய்யாதது என்ன என்று கேட்கலாம். ஜூலியாவை விடப் பத்து வயது மூத்தவர், ஓவியம், புகைப்படம், ஒயின் எல்லாவற்றிலும் ரசனை உள்ளவர். இரண்டாம் புத்தகத்துக்கான படங்கள் வரைய உதவியாக ஜூலியாவின் கைகளை அவர்தான் பக்கத்தில் நின்று படம் எடுத்தார். அமெரிக்க அரசின் பண்பாட்டுத் துறையில் வேலை. 1955-ல் ஜெர்மனியில் இருந்தவரைத் திடீரென வாஷிங்டனுக்கு அழைத்துக் கம்யூனிஸ்ட் சந்தேகத்தில் விசாரித்தார்கள். குற்றம் இல்லை என்று விட்டுவிட்டாலும் அந்த வேலையின் மீதிருந்த பற்று போய்விட்டது. 1961-ல் ஓய்வு பெற்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் குடியேறினார்கள். அதன் பிறகு ஜூலியாவின் டிவி வேலையே இவருடைய வேலையும் ஆனது. பாத்திரம் சுமப்பது, படப்பிடிப்பு முடிந்ததும் கழுவுவது, குறிப்பு அட்டை பிடிப்பது எல்லாம் செய்தார். அந்தக் காலத்து ஆண்களில், அதுவும் தூதரக அதிகாரியாக இருந்த ஒருவர் மனைவியின் எச்சில் தட்டு கழுவினார் என்பது சாதாரண விஷயம் இல்லை. 1974-ல் இதய அறுவை சிகிச்சையை ஒட்டி வந்த பக்கவாதம் அவர் பேச்சையும் நினைவையும் பாதித்தது. 1994-ல் இறந்தார். குழந்தைகள் இல்லை.

கேள்வி: ஒரு சமையல் புத்தகம் எழுத ஏன் அத்தனை ஆண்டுகள்?

சிமோன் பெக், லூயிசெட் பெர்த்தோல் என்ற இரண்டு பிரெஞ்சுப் பெண்கள் அமெரிக்கர்களுக்காக ஒரு பிரெஞ்சுச் சமையல் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதை ஆங்கிலத்தில் ஒழுங்குபடுத்த ஜூலியா உள்ளே வந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதிக்கத் தொடங்கிவிட்டார். அமெரிக்க மாவு வேறு, க்ரீம் வேறு, மீன் வேறு. பிரான்சில் சரியாக வருவது பாஸ்டன் வீட்டில் வராது. மயோனைஸ் எதனால் திரிகிறது என்று பார்க்க, இனி யாரும் சாப்பிட முடியாது என்கிற அளவுக்குச் செய்து கழிவறையில் கொட்டியிருக்கிறார். ஹௌட்டன் மிஃப்லின் பதிப்பகம் 750 டாலர் முன்பணத்துக்கு ஒப்பந்தம் போட்டது, கையெழுத்துப் பிரதியைப் பார்த்துவிட்டு 1959-ல் வேண்டாம் என்றது. இல்லத்தரசிகள் இவ்வளவு நீளமாக எதையும் படிக்க மாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. க்னாஃப் பதிப்பகத்தின் இளம் ஆசிரியர் ஜூடித் ஜோன்ஸ் வீட்டில் சமைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். 1961 அக்டோபரில் வெளிவந்தது, எழுநூறு பக்கங்களுக்கு மேல்.

இரண்டாம் பாகத்தில் (1970) இதைவிடப் பெரிய கூத்து. சாதாரண வீட்டு அடுப்பில் பிரெஞ்சு ரொட்டியை எப்படிச் சுடுவது என்று கண்டுபிடிக்க அவரும் பாலும் 284 பவுண்டு மாவைத் தீர்த்தார்கள். கிட்டத்தட்ட 129 கிலோ. பேக்கரி அடுப்பில் வரும் ஆவியை வீட்டில் உண்டாக்க, பழுக்கக் காய்ச்சிய கல்லைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டுப் பார்த்தார்கள். எனக்கு ஜூலியாவிடம் மிகப் பிடித்தது இந்தப் பிடிவாதம்தான்.

கேள்வி: டிவி வாய்ப்பு எப்படி வந்தது? அந்தக் காலப் படப்பிடிப்பு எப்படி இருந்தது?

ஒரு ஆம்லெட்டால் வந்தது. 1962-ல் பாஸ்டனின் டபிள்யூ.ஜி.பி.எச். என்ற கல்வி டிவியில் புத்தகம் பற்றிய பேட்டி ஒன்றுக்குக் கூப்பிட்டார்கள். சும்மா உட்கார்ந்து பேசினால் போர் அடிக்கும் என்று, மின்சார அடுப்பு, வாணலி, முட்டை எல்லாவற்றையும் ஜூலியா கையோடு எடுத்துப் போய், பேச்சுக்கு நடுவில் ஆம்லெட் போட்டுக் காட்டினார். நிலையத்துக்கு 27 கடிதங்கள் வந்தன. இன்றைய கணக்கில் 27 என்பது ஒன்றுமே இல்லை. அந்தச் சின்ன நிலையத்துக்கு அது வெள்ளம்.

மூன்று மாதிரி நிகழ்ச்சிகள் எடுத்துப் பார்த்துவிட்டு, 1963 பிப்ரவரி 11 அன்று ‘தி பிரெஞ்ச் ஷெஃப்’ தொடங்கியது. தயாரிப்பாளர் ரஸ்ஸல் மோராஷ். நிலையத்தின் ஸ்டுடியோ 1961-ல் தீயில் போய்விட்டதால் கேம்பிரிட்ஜ் மின்சாரக் கம்பெனியின் செய்முறைச் சமையலறையில் படம் எடுத்தார்கள். பதிவுக் கருவிகள் வெளியே ஒரு பழைய பஸ்ஸுக்குள். இரண்டு கேமரா, கறுப்பு வெள்ளை. சம்பளம் ஒரு நிகழ்ச்சிக்கு 50 டாலர்.

முக்கியமானது என்னவென்றால், அரை மணி நேரத்தையும் நிறுத்தாமல் ஓட்டிவிடுவார்கள். வெட்டி ஒட்டுவது செலவு பிடித்த வேலை. சாஸ் திரிந்தாலும் சரி, மூடி கீழே உருண்டாலும் சரி, சமாளித்துக்கொண்டு போக வேண்டும். வெளியிலிருந்து பார்க்கும்போது வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டு சமைப்பது போலத் தெரியும். உள்ளே பார்த்தால் நிமிஷக் கணக்கு. மூன்று மணி நேரம் கொதிக்க வேண்டிய கறியை அரை மணியில் காட்ட, பாதி வெந்தது ஒன்று, முழுதாக வெந்தது ஒன்று என்று தனித்தனியாகத் தயாராக இருக்கும். எந்த அடுப்பை ஏற்ற வேண்டும், எப்போது முகத்தைத் துடைக்க வேண்டும் என்றெல்லாம் அட்டையில் எழுதிக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டினார்கள். இன்றைக்குப் பலர் அவருடைய அலட்சியத் தோரணையை மட்டும் காப்பியடிக்கிறார்கள். அதற்குப் பின்னால் இருந்த ஒத்திகை யார் கண்ணிலும் படவில்லை.

1965-ல் ஒளிபரப்புத் துறைக்கான பீபாடி விருது, 1966-ல் டிவிக்கான எம்மி விருது, அந்த நவம்பரில் டைம் பத்திரிகையின் அட்டைப்படம். நிகழ்ச்சி 1973 வரை ஓடியது.

கேள்வி: கோழியைத் தரையில் போட்டுவிட்டு, எடுத்துத் தட்டில் வைத்தாராமே? அந்த வீடியோ எங்கே கிடைக்கும்?

எங்கேயும் கிடைக்காது, நடக்கவே இல்லை. உண்மையில் நடந்தது இது: வாணலியில் இருந்த உருளைக்கிழங்கு அடையைச் சுண்டித் திருப்பும்போது பாதி அடுப்பு மேடையில் விழுந்தது. வழித்து உள்ளே போட்டுக்கொண்டு, சமையலறையில் தனியாகத்தானே இருக்கிறீர்கள், யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். துணிந்து திருப்பாததுதான் தப்பு என்றும் சொன்னார். சொல்லிச் சொல்லி உருளைக்கிழங்கு கோழியாகி, வான்கோழியாகி, மேடை தரையாகிவிட்டது.

நிஜமாக நடந்த விபத்து வேறு. 1978-ல் ஒரு டிவி பேட்டிக்கு முன் விரலை ஆழமாக வெட்டிக்கொண்டார். அதை வைத்து அடுத்த மாதமே ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சியில் நடிகர் டான் ஆக்ராய்ட் ஜூலியா வேஷம் போட்டு, ரத்தம் பீய்ச்சியடிக்கச் சமைத்தார். ஜூலியாவுக்குக் கோபம் வரவில்லை. அந்த டேப்பை வீட்டில் வைத்து விருந்தினருக்குப் போட்டுக் காட்டினார்.

கேள்வி: நிகழ்ச்சியில் குடித்துக்கொண்டே சமைப்பாரா?

குடித்தது பெரும்பாலும் குழம்புக்கு நிறமேற்றும் திரவத்தைக் கலந்த தண்ணீர். நிலையத்துக்கு ஒயின் வாங்கக் காசில்லை. குரல்தான் அப்படி, ஏறி இறங்கும்.

கேள்வி: விளம்பரத்தில் கோடி கோடியாகச் சம்பாதித்திருப்பாரே?

இல்லை. எந்த வாணலிக்கும் மசாலாவுக்கும் தன் பெயரைத் தரவில்லை. பொது டிவி மக்கள் பணத்தில் ஓடுவது, அதில் கிடைத்த பெயரை விற்கக் கூடாது என்பது அவர் நிலை. நிகழ்ச்சியில் பொருள்களின் பிராண்ட் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார். புத்தக விற்பனையில் நன்றாகவே சம்பாதித்தார், அது வேறு. இன்றைய டிவி சமையற்காரர்கள் பலருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். எனக்கு அவர் சொன்னதை ஜனங்கள் நம்பியதற்குக் காரணமே இதுதான் என்று படுகிறது.

கேள்வி: இவ்வளவு வெண்ணெய் போட்டு ஊரைக் கெடுத்தார் என்று எங்கள் டயட்டீஷியன் சொல்கிறார்.

1980-களில் இந்தச் சண்டை பலமாகவே நடந்தது. கொழுப்பைக் கண்டு நடுங்குவதை அவர் கேலி செய்தார், அதில் கொஞ்சம் அதிகமாகவே போனார் என்பேன். ஆனால் அவர் சொன்னது எல்லாவற்றையும் சாப்பிடு, கொஞ்சமாகச் சாப்பிடு என்பதுதான். 92-வது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு இறந்தார். அதை வெண்ணெய்க்கு ஆதாரமாக நான் காட்ட மாட்டேன், நீங்களும் டயட்டீஷியனிடம் காட்டாதீர்கள்.

கேள்வி: மெரில் ஸ்ட்ரீப் நடித்த படம் பார்த்தேன். அதுவே போதுமா?

2009-ல் வந்த அந்தப் படம் நன்றாக இருக்கும். ஆனால் அச்சான புத்தகம் ஜூலியாவின் கைக்கு வருவதோடு அவர் கதையை முடித்துவிடுகிறார்கள். டிவி வாழ்க்கை துணுக்காகத்தான் வரும். 1968-ல் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு மறுபடி கேமரா முன் வந்தது, எண்பதைத் தாண்டி பிரெஞ்சுச் சமையற்காரர் ஜாக் பெபானுடன் 1999-ல் ஒரு தொடர் செய்தது எதுவும் அதில் இல்லை.

கேள்வி: அவர் சமையலறையை அப்படியே மியூசியத்தில் வைத்திருக்கிறார்களாமே, என்ன விசேஷம்?

2001-ல் கலிபோர்னியாவுக்குத் திரும்பும்போது கேம்பிரிட்ஜ் வீட்டுச் சமையலறையை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். மனைவி குனிந்து சமைக்கக் கூடாது என்று பால் மேடையை 38 அங்குல உயரத்துக்கு அமைத்தார். வழக்கம் 36. சுவர்ப் பலகையில் ஒவ்வொரு பாத்திரத்தின் உருவக் கோட்டையும் வரைந்து வைத்திருக்கிறார், எது எங்கே தொங்க வேண்டும் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. 1990-களில் வந்த தொடர்களை அந்த அறையிலேயே படம் எடுத்தார்கள்.

கேள்வி: நாளைக்கே பார்க்கத் தொடங்குகிறேன். எதிலிருந்து?

கோழி வறுக்கும் பகுதியிலிருந்து. தொடக்கத்திலேயே ஆறு கோழிகளைச் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக உட்கார வைத்து, அழகிப்போட்டி மேடை போல மிஸ் பிராய்லர், மிஸ் ஃப்ரையர் என்று ஒவ்வொன்றாக அறிமுகம் செய்வார். கடைசியில் கிழக்கோழி. எந்த வயதுக் கோழி எதற்கு உதவும் என்பது அந்த ஒரு நிமிஷத்தில் விளங்கிவிடும். அப்புறம் ஆம்லெட் பகுதி. பார்க்கும்போது அவர் பேச்சில் மயங்காமல் கை வாணலியை எப்படி இழுக்கிறது என்று மட்டும் கவனியுங்கள், பிறகு நாலு முட்டையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போங்கள்.