சாங்ஷன்: அனுமதியா, தடையா?

கேள்வி: என் தம்பிக்கு வீட்டுக் கடன் 'சாங்ஷன்' ஆகிவிட்டதாக மதுரையில் உள்ள வங்கியிலிருந்து கடிதம் வந்தது. அதே வாரம் ஆங்கில நாளிதழில், ரஷ்யாவின் மீது மேலை நாடுகள் விதித்த 'சாங்ஷன்ஸ்' பற்றிப் படித்தேன். போட்டித் தேர்வுக்காக மொழிபெயர்ப்புப் பயிற்சி செய்து வருகிறேன். எங்கே எந்தப் பொருளைக் கொள்வது?
– வாசகி ஒருவர், உசிலம்பட்டி

பதில்: இரண்டு பொருளும் சரியானவையே. இச்சொல்லின் இலத்தீன் வேருக்குப் புனிதமாக்குதல், மீற இயலாதபடி உறுதிசெய்தல் என்று பொருள். 'செயின்ட்' என்பதும் அவ்வேரில் பிறந்ததே. உரோமானியர், சட்டத்தை மீறுவோர்க்கு உரிய தண்டனையைக் கூறும் பகுதியை இப்பெயரால் வழங்கினர். அதிகாரம் உடையவர் ஒன்றைச் செல்லுபடியாக்குவதும், மீறினால் வரும் தண்டனையும் இவ்வாறு ஒரே சொல்லில் தங்கின. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது இதற்குச் சட்டம், ஆணை என்பதே பொருள். ஆண் வாரிசு இல்லாவிட்டால் பெண்ணும் அரசுரிமை பெறலாம் என 1713இல் ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் ஆறாம் சார்லஸ் பிறப்பித்த ஆணையைக் குறிக்கும் 'பிராக்மாட்டிக் சாங்ஷன்' என்னும் தொடரில் அப்பழம்பொருள் இன்றும் நிற்கிறது.

தமிழருக்கு இது புதிராக இருக்க வேண்டியதில்லை. 'வரிவிலக்கு' என்றால் சலுகை, 'மதுவிலக்கு' என்றால் தடை. 'விலக்கு' ஒன்றுதான், எது யாரிடமிருந்து விலக்கப்படுகிறது என்பதே வேறு.

இனிப் பயன்பாடு. வினைச்சொல்லாக வந்தால் பெரும்பாலும் அனுமதித்தல் என்றே கொள்ளலாம். ஒருமைப் பெயராக, அலுவலக வழக்கில் வந்தாலும் அப்படியே. நம் அரசாணைகளில் இதற்கு 'ஒப்பளிப்பு' என்ற நல்ல சொல் இருக்கிறது. நிதி ஒப்பளிப்பு, ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள் என்று தயங்காமல் எழுதுங்கள். உங்கள் தம்பியின் கடனுக்கு 'ஒப்புதல்' போதும். மின்இணைப்புத் தாள்களில் காணும் 'சாங்ஷன்டு லோடு' என்பதும் அனுமதிக்கப்பட்ட மின்பளுவே.

பன்மையில் வந்து, 'விதித்தல்', 'நீக்குதல்' என்னும் பொருளுடைய வினைகளோடும், 'மீது' என்பதற்கு ஈடான 'ஆன்', 'அகெய்ன்ஸ்ட்' என்னும் சொற்களோடும் இணைந்தால் அது தண்டனைத் தடை. எத்தியோப்பியாவின் மீது படையெடுத்த இத்தாலிக்கு எதிராக 1935இல், ஐ.நா.வுக்கு முன்னோடியான நாடுகளின் சங்கம் எடுத்த நடவடிக்கையும், 1998 மே மாதப் பொக்ரான் சோதனைகளுக்குப் பின் அமெரிக்கா நம் நாட்டின் மீது விதித்தவையும் இவ்வகையின.

நான் பெரிதும் அஞ்சுவது அண்மைக் காலச் செய்தி நடையைப் பற்றியே. தடைக்கு உள்ளான எண்ணெய்க் கப்பலையும் இப்போது 'சாங்ஷன்டு டேங்கர்' என்று எழுதுகிறார்கள். வினை வடிவம் என்றதும் 'அனுமதி பெற்ற கப்பல்' என்று மொழிபெயர்த்தால் செய்தி முற்றிலும் தலைகீழாகிவிடும். இவ்விடத்தில் இலக்கணம் உதவாது. செய்பவர் யார், பெறுபவருக்கு நன்மையா தீமையா என்று முன்பின் வரிகளைப் படித்தே முடிவு செய்ய வேண்டும். தேர்வில் நேரம் குறைவு என்றாலும் இதற்கு அரை நிமிடம் ஒதுக்குங்கள்.

கேள்வி: லஞ்ச வழக்கில் சிக்கிய ஓர் அதிகாரியைப் பற்றி, 'அவர் மேல் சாங்ஷன் வந்துவிட்டது' என்று எங்கள் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அவருக்குத் தண்டனை கிடைத்துவிட்டது என்று பொருளா?
– வாசகர் ஒருவர், மேலூர்

பதில்: இல்லை. 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, பொது ஊழியர் ஒருவர்மீது அச்சட்டத்தில் குறிப்பிட்ட குற்றங்களுக்கான வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க, அவரைப் பணிநீக்கம் செய்யும் அதிகாரம் கொண்ட அரசோ அதிகாரியோ முன் அனுமதி தர வேண்டும். அந்த அனுமதியின் பெயர்தான் சாங்ஷன். அனுமதி அதிகாரிக்கு அன்று, அவர்மீது வழக்கு நடத்துவதற்கு. 'மேல்' என்ற உருபு சேர்ந்ததால் தண்டனைபோல ஒலிக்கிறது. குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. 'வழக்குத் தொடர அனுமதி கிடைத்தது' என்று சொன்னால் ஒருவருடைய பெயருக்கும் வீண் பழுது வராது.